முதலைச் சாமி கொடுத்த சீட்டு

உமாதேவி அடித்த தப்பையே இன்னொரு ஆளும் அடித்திருந்தார்.

பெரிய தப்பில்லை. கோதுமைக்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆபீசில் ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். யாருடைய பக்கத்தை யார் அடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடத்தில் சிவப்புக் கோடு போடும். இரண்டு மனுசர்கள் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் ஓடுகிற தொழில் அது. நாலு நாளாக அவளுக்கு ஒரு சிவப்புக் கோடும் விழவில்லை. முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. நாலாம் நாள் வேண்டுமென்றே ஒரு பெயரைத் தலைகீழாக அடித்து வைத்தாள். அப்போதும் கோடு விழவில்லை. அந்த ஆளும் அதே பெயரைத் தலைகீழாகவே அடித்திருந்தார்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். பதினோரு கம்ப்யூட்டர்கள், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தருகிற ஒரு மின்விசிறி. கீழே வெல்லப்பாகு கொதிக்கிற வாசம் படியேறி வந்து தலைமுடியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும். கார்த்திகை மாதத்து அடைமழை. பகல் பதினோரு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தகர ஓட்டில் மழை விழுகிற சத்தமும், உள்ளே பத்துப் பெண்கள் தட்டுகிற சத்தமும் கலந்து, எது மழை எது விரல் என்று பிரிக்க முடியாமல் ஒரே இரைச்சலாகக் கிடந்தது.

இந்த வேலை வந்தபோது ஆபீஸ் முதலாளி பூவனநாதன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். வாய் நீளமான மனுசர், மனசு கெட்டவரில்லை.

"எகிப்து தெரியும்லா? அங்கன ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி கிரேக்கத்துக்காரன் வந்து உக்காந்துட்டான். போகல. பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து ரெண்டு சனமும் ஒண்ணாக் கலந்துட்டு. அவனுவ கோரைத்தண்டத் தாளாக்கி கடுதாசி, பிராது, பத்திரம்னு எழுதித் தள்ளிட்டுக் குப்பையில போட்டுட்டானுவ. செத்தவனையும் அந்தத் தாளும் துணியுமாச் சுத்தி, மூஞ்சி மேல அவன் மூஞ்சிய வரைஞ்ச பலகையக் கட்டிப் பொதச்சானுவ. மழையே இல்லாத மணலா, ஒண்ணும் மக்கல. அந்தக் குப்பையத் தோண்டி இங்கிலீஷ்ல எழுதி நமக்கு அடிக்கக் குடுத்திருக்கான். குப்பைதானேன்னு ஏனோதானோன்னு அடிச்சீங்க, தொலைச்சிருவேன். கிழிஞ்ச இடத்தக் கிழிஞ்சதாவே விடணும். உங்க சொந்தச் சரக்கைப் போட்டு ரொப்பக் கூடாது."

பெண்கள் சிரித்தார்கள். உமாதேவியும் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தே வெகுநாளாகியிருந்தது.

அவள் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் குஜராத்துக்குப் போனார். போய் ஒன்றரை மாதத்தில், குடியரசு தினத்தன்று அங்கே பூமி குலுங்கியது. இருபத்திரண்டு மாதமாகிவிட்டது. செத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிழைத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. போய்த் தேடிவிட்டு வந்த கொழுந்தனார் சாமித்துரை இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். இப்போது அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"மதினி, வாற அமாவாசைக்குப் பாவநாசம் போயி காரியத்த முடிச்சிருவோம். எங்கண்ணன் தாகத்தோட அலையக் கூடாதுல்லா. நீங்களும் அதக் கழட்டிருங்க."

அது என்று அவர் சொன்னது தாலியை. அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. உயிரோடிருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் அந்தப் பாவத்தை எந்த ஆற்றில் முங்கித் தொலைப்பது? செத்துப்போனவருக்காகத் தினமும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது மட்டும் என்ன வாழ்க்கை? ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும். உண்டு, இல்லை. அவ்வளவுதான் அவள் கேட்டது.

அன்று மத்தியானம் அவளுக்கு வந்த பக்கங்களில் ஒரு கோயில் இருந்தது. முதலைச் சாமியின் கோயில். கோயில் மதிலுக்கு உள்ளே தோண்டியபோது கிடைத்த சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம்தான். "என் ஐயனே, என் கணவன் ஹெரோன் என்கிற பனேசிஸ் உயிரோடு இருந்தால் இந்தத் துண்டை எனக்குத் திருப்பிக் கொடு." அவளுக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு தரம் வாசித்தாள். கீழே பொடியெழுத்தில் விளக்கம் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஒரே கேள்வியை இரண்டு துண்டில் எழுதிச் சாமியிடம் வைப்பார்களாம். ஆமென்றால் இதைக் கொடு, இல்லையென்றால் அதைக் கொடு. சாமி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்.

அட, நம்ம திருவுளச்சீட்டு!

அவள் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டுத்தான் பார்த்தார்கள். அம்மன் சன்னதியில் இரண்டு சீட்டைச் சுருட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவர் சீட்டு வந்தது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் ஒரு பொம்பளை இதே கேள்வியோடு நின்றிருக்கிறாள் என்று நினைத்ததும், பாவி, நீயுமா என்று அந்தத் துண்டைத் தொட வேண்டும்போல இருந்தது. திரைக் கண்ணாடியைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

பிறகு விளக்கத்தின் மிச்சத்தை வாசித்தாள். திருப்பிக் கொடுத்த துண்டைக் கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே மண்ணுக்கடியில் கிடைத்தவை கோயிலிலேயே தங்கிப்போனவை. சாமி கொடுக்க மறுத்தவை.

முப்பத்தோரு துண்டுகள். அதில் பத்தொன்பது, உயிரோடு இருந்தால் இதைக் கொடு என்று கேட்டவை. பத்தொன்பதும் மண்ணுக்குள் கிடந்திருக்கின்றன.

அவள் அழுதாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, பக்கத்து சீட்டு ஜெயப்பிரியாவுக்குக் கேட்காமல் அழுதாள். பத்தொன்பது பேருக்காகவும் அழுதாள். தனக்காகவும் அழுதாள். அழுது முடித்ததும், கிழிந்த இடத்தைக் கிழிந்ததாகவே விடுகிற அந்த உமாதேவி, பத்து வருடமாகச் சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்காத உமாதேவி, பக்கத்தின் அடியில் இரண்டு வரியைச் சொந்தமாக அடித்தாள்.

"ஐயனே, என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் இதைத் திருப்பிக் கொடு."

"ஐயனே, என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லையென்றால் இதைத் திருப்பிக் கொடு."

பெயரைப் போடவில்லை. எப்படிப் போடுவாள்? கட்டின நாளிலிருந்து அவள் அவர் பெயரைச் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை. தாலுகா ஆபீசில் கேட்டபோதெல்லாம் ரேஷன் கார்டைத்தான் நீட்டினாள். புருசன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். இருபத்திரண்டு மாதமாக அவருக்காக அவள் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை விட்டுவிடுவாளா?

மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்ததும் முதல் காரியமாக ஒப்பிடுகிற திரையைத் திறந்தாள். ஐந்து நாளில் முதல்முறையாக அவளுக்குச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஒரே ஒரு கோடு. இரண்டாவது வரியின் மேல்.

திரையின் இந்தப் புறம் அவள் அடித்த இரண்டு வரிகள். அந்த ஆளின் புறம் ஒன்றுதான். உயிரோடு இருந்தால் என்கிற வரி.

சாமி அதைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பயமும் இருந்தது, யார் அந்த ஆள் என்று. ஆனால் சந்தோஷம் பயத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், வாய் சும்மா இருக்கவில்லை, மாமியார் சுப்புத்தாயின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். "அத்தை, சீட்டுப் போட்டுப் பாத்தேன். இருக்காவன்னு வந்திருக்கு."

சுப்புத்தாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். மகன் வந்து கூட்டிப்போனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று அடம். அவள் எந்தச் சாமியென்று கேட்கவில்லை. மருமகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்ட்டி. நான் சொன்னேம்லா" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் மத்தியானம்தான் அவளுக்குப் பூவனநாதனைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, என் பக்கத்த ரெண்டாவதா அடிக்கிறது யாரு?"

"ஒருத்தருமில்ல. அந்த வேலைக்கு ரெண்டாவது ஆளை நிப்பாட்டி ஆறு நாளாச்சே, உனக்குச் சொல்லலியா?"

"ஒப்பிடுற திரையில வருதே அண்ணாச்சி."

அவர் தன் மேசையில் தேடிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உன் ஃபைலையே எடுத்து உன் ஃபைலோட வச்சுப் பாக்குதும்மா, கோட்டிக்கார மிசினு. அதான் ஒரு தப்பும் காட்டல. நீயே உனக்கு மார்க்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்க."

அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கீழே வெல்லம் கொதித்தது. அந்த ஒரு சிவப்புக் கோடும் மிசின் கோளாறாகத்தான் இருக்கும். அவளே கேட்டு, அவளே சொல்லிக்கொண்ட பதில். இதைக் கேட்டுத்தானே கிழவி நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் மகனோடு பேசுகிற மாதிரி தனியாகப் பேசிக்கொண்டு கிடந்தாள்! எந்த மூஞ்சியோடு இல்லையென்று சொல்வது? அமாவாசைக்கு ஆறு நாள். சாமித்துரை வேன் பேசிவிட்டார்.

அழிக்கலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

திரையின் மறுபுறத்து வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அவள் அடித்ததில்லை. சத்தியமாக அவள் அடித்ததில்லை.

"உன் கணவன் உயிரோடு இருக்கிறான். சராபியன் என்கிற" என்று ஆரம்பித்து, அடுத்து இரண்டு அடைப்புக்குறிக்குள் புள்ளிகள். துண்டு கிழிந்துபோன இடத்துக்குப் போடுகிற புள்ளிகள். பிறகு "புறப்பட்டுவிட்டான்."

அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு பெயர். கிரேக்கத்தில் ஒன்று, எகிப்தில் ஒன்று. வெளியே ஒரு பேர், வீட்டில் ஒரு பேர். பக்கம் பக்கமாக அடித்திருக்கிறாள். அவர் என்கிற இவர், இவர் என்கிற அவர். இங்கே வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

காலியாக விட்டது யார்?

அவள் பெயரைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் என்றுதான் கேட்டாள். உலகத்தில் எத்தனை வீட்டுக்காரர்கள். மண்ணுக்குள் எத்தனை வீட்டுக்காரர்கள்.

மேசை போன் அடித்தது. பூவனநாதன் எடுத்துவிட்டு, "உமா, உங்க ஊர்லருந்து" என்றார்.

பேசியது பக்கத்து வீட்டு ராமலட்சுமி. பஸ் நிறுத்தத்து போன் பூத்திலிருந்து கத்தினாள். "யக்கா, உடனே வாங்க. உங்க வீட்டு அண்ணாச்சி வந்துட்டாவளாம். உங்க அத்தை சொல்லச் சொன்னாவ."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கலக்கா. கிழவி கதவத் தெறக்க மாட்டேங்காவ. உள்ள சிரிப்புச் சத்தங் கேக்கு."

"ராமலட்சுமி, அவிய சத்தம் கேட்டுச்சா? ஆம்பளச் சத்தம்?"

போனில் மழை இரைந்தது. "இல்லக்கா" என்றாள் ராமலட்சுமி. "அதக் கேக்கல."

எட்டயபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இருபுறமும் கரிசல் காடு நனைந்து, எங்கே நிலம் முடிந்து எங்கே மேகம் ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் ஒரே கறுப்பாகக் கிடந்தது. அவராகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. எங்கேயோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, இப்போது தெளிந்து வந்திருப்பார். ஏன் இருக்கக் கூடாது? பேப்பரில் வருவதில்லையா? அம்மா தாயே, அவராக இருக்கட்டும். கை இல்லாமல் வரட்டும், கால் இல்லாமல் வரட்டும், என்னை அடையாளம் தெரியாமலேகூட வரட்டும். அவராக இருக்கட்டும்.

இறங்கும்போது மணி ஐந்தரை. அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. ஊருக்குள் கரண்ட் இல்லை. பாதையில் கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சேர் மண். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்தச் சகதியில் இன்று யார் நடந்து வந்திருந்தாலும் தடம் இருக்க வேண்டும். ராமலட்சுமி போய்வந்த தடம் இருந்தது. ஒரு மாட்டின் தடம் இருந்தது. வேறு இல்லை.

கதவு லேசாகத் திறந்திருந்தது.

வாசற்படியில் காலை வைத்ததும் கூசியது. மணல். காய்ந்த மணல். ஊரே ஊறிக்கிடக்கிற மழையில், பொடிப்பொடியாக, மஞ்சளாக, சூடாக. படியிலிருந்து உள்ளே வரைக்கும் கோடாகப் போயிருந்தது.

உள்ளே வாசம். வெல்லம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. பழைய பெட்டியைத் திறந்ததும் வருகிற காகித வாசம், அதோடு வேப்பம்பிசின் எரிகிற மாதிரி ஒன்று.

"வந்துட்டியாட்டி?" மாமியாரின் குரலில் அத்தனை சந்தோஷம். "மெதுவா வா. களைச்சுப்போயி உக்காந்திருக்கான்."

சிம்னி விளக்கு தரையில் இருந்தது. சுப்புத்தாய் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே சுவரில் சாய்ந்திருந்ததன் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "காய்ஞ்சு போயிட்டாம்ட்டி எம்புள்ள. தொட்டுப் பாரு. சருகு."

உடம்பு முழுக்கத் துணிக்கீற்று. கீற்றுக்கு இடையில் தாள். தாளின் மேல் தாள், ஒட்டி ஒட்டி, நெஞ்சுக்கூடு மாதிரி. எல்லாவற்றிலும் எழுத்து. பொடிப்பொடி எழுத்து. விளக்கு ஆடும்போது எழுத்தும் ஆடியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகை கட்டியிருந்தது.

பலகையில் ஒரு முகம் வரைந்திருந்தது. சுருட்டை முடி. இளவயசு. பெரிய, பெரிய கண்கள். அழப்போகிறவனின் கண்கள்.

"கண்ணு மட்டும் அப்படியே இருக்குட்டி" என்றாள் சுப்புத்தாய். "எனக்கே தெரியுது பாரேன்."

உமாதேவி கிழவியின் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு மாதத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. எழுத்து நிரம்பிய ஐந்து விரல்கள், அந்தக் கிழட்டுக் கைக்குள் மெல்ல மடங்கின.

"அத்தை. கைய விடுங்க. இங்கன வாங்க."

"ஏன்ட்டி?"

"இது அவிய இல்ல அத்தை."

"போட்டி கோட்டிக்காரி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"இல்ல அத்தை, இல்ல. இது முத்துசெல்வம் இல்ல!"

சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல்முறை. வாய்க்குள் அந்தப் பெயரின் ருசியே அவளுக்குப் புதுசாக இருந்தது. மழை நின்றுவிட்டதோ என்று தோன்றியது. அத்தனை அமைதி.

பலகை மெல்ல நிமிர்ந்தது. வரைந்த கண்கள் அவள் பக்கம் திரும்பின. பலகைக்குப் பின்னாலிருந்து, காய்ந்த ஓலை உரசுகிற குரலில், கூப்பிட்டால் வீட்டில் அவர் கொடுப்பது போலவே ஒரு பதில் வந்தது.

"ம்?"

"கேட்டியா! கேட்டியாட்டி!" சுப்புத்தாய் கைதட்டிச் சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "மத்தியானத்துலருந்து நான் ராசா, ஐயான்னு கொஞ்சுதேன், வாயே தெறக்கல. பொஞ்சாதி பேரச் சொன்னதும் பேசுதான் பாரு!"

காலியாக இருந்த இடம் நிரம்பிவிட்டது. உமாதேவிக்கு அது விளங்கியது. எங்கேயோ ஓர் ஊரில், இடிந்த கல்லுக்கு அடியிலோ, இல்லை உயிரோடு ஒரு திண்டாட்டத்திலோ, பெயர் இல்லாமல் ஒரு மனுசன் இருக்கிறான். இனி அவனை யாரும் கூப்பிட முடியாது. இந்த வீட்டில் அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறது.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள்.

"அப்புறம் அழலாம். தண்ணி மோந்துட்டு வா. தாகத்தோட வந்திருக்கான்."

அவள் போனாள். வேறு என்ன செய்வாள்? குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எழுத்து நிரம்பிய கைகள் இரண்டும் சேர்ந்து நீண்டன. ஊற்றினாள். கை பலகைக்குக் கீழே போய்விட்டு மறுபடி நீண்டது. மறுபடி ஊற்றினாள். தண்ணீர் தாள்களுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு மைக் கறுப்பாகத் தரையில் வழிந்து, மணலை அரித்துக்கொண்டு, அவள் கால்விரல்களைத் தொட்டது.

"இன்னும் ஊத்து தாயி" என்றாள் சுப்புத்தாய்.

ஊற்றினாள். குடம் காலியான பிறகும் அந்தக் கைகள் நீட்டியபடியே இருந்தன.